மதுரை – மீனம்பாக்கம், ஐம்பத்தைந்து நிமிடம்

குரோம்பேட்டை
14-8-1991

அண்ணா அவர்களுக்கு, செல்வமேரி எழுதுவது.

நலமா என்று கேட்கப் போவதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஐந்தே முக்காலுக்கு நீங்கள் ஓட்டும் மதுரை பஸ் ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கள் தெருமுனையைத் தாண்டும்போது இரண்டு நீள ஹாரன் கேட்கிறது. அம்மா படுக்கையிலிருந்தபடியே "வந்துட்டான்" என்பாள். சத்தம் பல்லாவரம் பக்கம் தேய்ந்ததும் "பூட்டான்" என்பாள். ஆக நீங்கள் உயிரோடும் வேலையிலும் இருப்பது தெரிகிறது. ஆறு வருஷமாக எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இப்போது எழுதுவதும் அம்மா சொல்லித்தான். மார்ச்சில் அவள் இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து போனீர்கள். அதன் பிறகு அவளால் பஸ் ஸ்டாப் வரை நடந்து வந்து உங்களைப் பார்க்க முடியவில்லை. நீங்களும் வீட்டுப் படி ஏறுவதில்லை. ஹாரனோடு சரி.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வந்ததும் அம்மா கேட்டாள்: "என் பெட்டிய மூடறதுக்கு முன்னாடி அவன் வந்துடணும் மேரி. மதுரைலேர்ந்து எவ்ளோ நேரம் ஆவும்?" பஸ்ஸில் பத்தரை மணி நேரம் என்றேன். "பிளேன்ல?" என்றாள். ஒரு மணி நேரம் என்றேன். "அப்ப ஒரு தபா பிளேன்ல வந்து காட்டச் சொல்லு. நான் நல்லா கீறப்பவே பார்த்துக்கினா நிம்மதி" என்றாள். கலியாணத்துக்கு முன்னால் புடவை கட்டிப் பார்ப்பது மாதிரி சாவுக்கும் ஒத்திகை வேண்டுமாம். சிரித்துப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். விடவில்லை.

நான் கணக்கு டீச்சர். சும்மா எழுத எனக்கு வராது. நேற்று ஆறாம் வகுப்பில் தமிழ்நாடு படம் மாட்டியிருந்தது. பிள்ளைகள் போன பிறகு மதுரையில் ஒரு குண்டூசி, மீனம்பாக்கத்தில் ஒரு குண்டூசி குத்தி நூல் பிடித்து அளந்தேன். நானூற்று இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விமானம் ஐம்பத்தைந்து நிமிடத்தில் கடக்கிறதாம், டிக்கெட் ஏஜெண்டிடம் கேட்டேன். உங்கள் வீட்டிலிருந்து மதுரை விமான நிலையத்துக்கு முக்கால் மணி, அங்கே முன்கூட்டிப் போய் நிற்க ஒரு மணி, மீனம்பாக்கத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு இருபது நிமிடம். எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள், சனிக்கிழமையில் வருகிறது. அன்று வந்தால் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியதாகவும் இருக்கும். முடியும், முடியாது என்று ஒரு வரி போட்டால் போதும். அண்ணிக்கு என் அன்பு.

செல்வமேரி

*

சேசு மரி சூசை

மதுரை
22-8-91

தங்கச்சி மேரிக்கு அண்ணன் சவுரிமுத்து எழுதிக்கொண்டது.

உன் கடிதம் வந்தது. அண்ணா அவர்களுக்கு, நீங்கள் என்றெல்லாம் எழுதியிருந்தாய். டிப்போவிலிருந்து மெமோ வந்த மாதிரி இருந்தது. உன் அண்ணி தனம்தான் பிரித்துப் படித்தாள். நான் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டேன்.

அம்மா கேட்டதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் நீயே யோசித்துப் பார். நூல் பிடித்து நானூற்று இருபது என்கிறாய். ரோட்டில் நானூற்று ஐம்பத்தெட்டு, என் வண்டி மீட்டரில் பார்த்தது. வானத்தில் போனாலும் மிச்சமாவது நாற்பது கிலோமீட்டர்தான். திண்டிவனத்திலிருந்து மதுராந்தகம் போகிற தூரம் கூட இருக்காது. இதற்குப் போய் விமானம் எதற்கு?

அதோடு இந்த வருஷம் தீபாவளி நவம்பர் ஐந்தாம் தேதி. இரண்டாம் தேதி லீவு கேட்டால் மேனேஜர் என் முகத்தைப் பார்க்க மாட்டார். ஸ்பெஷல் பஸ் விடுகிற நேரம். பெருங்களத்தூரில் ஜனம் ரோட்டிலேயே படுத்திருக்கும். வேண்டுமானால் ஒன்று செய்கிறேன். மெட்ராஸ் போய்ச் சேர்ந்து திரும்பி வண்டி எடுக்கிறவரைக்கும் எனக்குப் பகல் முழுக்க ஓய்வுதான். அந்த நேரத்தில் வீட்டுக்கே வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், நீ சம்மதித்தால்.

விமானத்தை நம்ப முடியாது மேரி. மழை வந்தால் நிற்கும், பனி வந்தால் நிற்கும். பஸ் அப்படியில்லை, எப்படியும் வந்து சேரும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளும் நான் வண்டியை வழியில் விட்டதில்லை. அப்பா போன அன்றைக்கே பார்த்தாயே, விமானம் ரத்தாகி நான் பட்ட பாடு.

அம்மாவுக்குத் தைலம் தீர்ந்திருக்கும். அடுத்த டூட்டியில் கண்டக்டரிடம் கொடுத்து ஸ்டாப் பக்கத்து மருந்துக் கடையில், மைதீன் பிச்சை பாயிடம் வைக்கச் சொல்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லு.

சவுரிமுத்து

*

குரோம்பேட்டை
29-8-1991

அண்ணா,

"ரத்தாகி" என்று இன்னொரு தடவை எழுதிவிட்டாய். அதனால் இந்த "நீங்கள்" எல்லாம் இனி வேண்டாம். நானும் நேராகவே எழுதுகிறேன்.

1985 ஜூலை ஒன்பது. அப்பா காலை ஆறு மணிக்குக் கண்ணை மூடினார். ஒன்பதரைக்கு உனக்குச் செய்தி கிடைத்தது. பன்னிரண்டரைக்கு மைதீன் பிச்சை பாய் கடைக்கு நீ போன் பண்ணினாய். பாய் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்து சொன்னார்: "அண்ணன் ஒண்ணேகால் பிளேன்ல ஏறப் போறாராம். ஒரு மணி நேரத்துல வந்துடுவாராம்." அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நாலு மணிக்கு அடக்கம் என்று கோவிலுக்குச் சொல்லி அனுப்பினோம்.

உன்னை அழைத்து வர உன் மாப்பிள்ளை டாக்ஸி வைத்துக்கொண்டு மீனம்பாக்கம் போனார். விமானம் இரண்டு பத்துக்கு இறங்கியது. ரத்தாகவில்லை அண்ணா. இறங்கியது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கடைசி ஆள் வரை பார்த்தார். பைலட்டும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். மூன்று மணிக்குத் தனியாகத் திரும்பி வந்தார்.

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியாமல் ஐந்தரை வரைக்கும் வைத்திருந்தோம். இருட்டிவிடும் என்று சாமியார் சொன்னதால் மூடினோம். மூத்த மகன் நெற்றியில் முத்தம் வைக்காமல், முதல் பிடி மண் போடாமல், அப்பா போனார். நீ வந்தது நடுச்சாமத்துக்கு மேல் ஒன்றே கால் மணிக்கு. வந்து, அத்தனை பேர் எதிரில், உன் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தே "பிளேன் ரத்தாயிடுச்சு" என்றாய். அவர் நல்ல மனுஷன், தலையைக் குனிந்துகொண்டார். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

பஸ்ஸில் வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐஸ் பாறை வாங்கிப் போட்டு மறுநாள் காலை வரை வைத்திருப்போமே. அதுதான் எனக்கு ஆறவில்லை. லேட்டாக வந்தது இல்லை.

நவம்பரில் நீ வரலாம், வராமல் போகலாம். ஏன் என்று மட்டும் எழுது.

மேரி

*

சேசு மரி சூசை

மதுரை
30-9-91

மேரிக்கு அண்ணன் எழுதுவது.

ஒரு மாசமாக எழுதி எழுதிக் கிழித்தேன். இந்த மாசத்தில் எட்டு ஒன்பது டூட்டியில் உன் தெருமுனையில் ஹாரன் அடிக்கக் கூடக் கை வரவில்லை. அம்மா கேட்டிருப்பாள்.

நீ எழுதியது எல்லாம் சரி. விமானம் ரத்தாகவில்லை. டிக்கெட் வாங்கினேன், உள்ளே போனேன், வெயிலில் நடந்து போய்ப் படிக்கட்டில் கால் வைத்தேன். நாலு படி ஏறினேன். அங்கேயிருந்து முன்பக்கக் கண்ணாடி தெரிந்தது. உள்ளே பைலட் உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயசிருக்கும். கீழே நின்றவனிடம் ஏதோ சைகை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். நல்ல பையன்தான். ஆனால் எனக்குக் காலுக்குக் கீழே படி இருப்பதே தெரியவில்லை.

ஐம்பது பேரை உட்கார வைத்து இத்தனை வருஷம் ஓட்டுகிறேன். அவர்கள் தூங்குகிறார்கள். என்னை நம்பித்தானே தூங்குகிறார்கள். எனக்கு அப்படி ஒருத்தரை நம்பி உட்கார வராது மேரி. பஸ்ஸில் பாசஞ்சராக வந்தால் கூட டிரைவர் பிரேக் போடும்போது என் காலும் அழுத்தும். கீழே தரையாவது இருக்கிறதே என்று தைரியம். வானத்தில் அதுவும் கிடையாது.

பின்னால் வந்தவர்களுக்கு வழி விட்டு இறங்கினேன். "ஏதாவது மறந்துட்டீங்களா சார்?" என்று அங்கே நின்றவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். அப்பா செத்துக் கிடக்கிறார், நான் எதையோ மறந்தவன் மாதிரி வெளியே வந்து நின்றேன்.

இறங்கி வந்ததும் மறுபடி போன் பண்ணினேன். அதை நீ நம்ப வேண்டும். டிரங்க் கால் பதிந்தேன். ஆபரேட்டர் அம்மா லைன் போட்டு, பாய் "ஹலோ, ஹலோ" என்றார். கடையில் நாலு பேர் பேசுகிற சத்தமும் கேட்டது. சவுரிமுத்து டிரைவர் பயந்துகொண்டு இறங்கிவிட்டான் என்று பாயிடம் சொன்னால் அது தெருவுக்கே சொன்ன மாதிரி. வாயைத் திறக்காமலே வைத்துவிட்டேன். அதற்குத்தான் ஆறு வருஷமாக என்னையே செருப்பால் அடித்துக்கொள்கிறேன்.

இரண்டரை மணி பஸ் பிடித்தேன். டிரைவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். திண்டிவனத்தில் அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து ஸ்டீரிங்கைக் கொடுத்தார். அங்கிருந்து குரோம்பேட்டை வரை நான்தான் ஓட்டினேன். அப்போதுதான் அழுகை வந்தது.

இது தனத்துக்கும் தெரியாது. நீ யாரிடமும் சொல்லாதே என்று கேட்க எனக்கு யோக்யதை இல்லை.

சவுரிமுத்து

*

குரோம்பேட்டை
9-10-1991

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் பிரித்தேன். இரண்டு பீரியட் வகுப்புக்குப் போகவில்லை. பக்கத்து சீட் பாலாம்பாள் டீச்சர் காய்ச்சலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்வது நம் குடும்பத்துக்குச் சுலபமாகத்தான் வருகிறது.

நீ எழுதிவிட்டாய். இப்போது நான் எழுத வேண்டும். உனக்காவது ஒரு மாசம் ஆனது. எனக்கு ஆறு வருஷம்.

அன்று பாய் வந்து செய்தி சொன்னபோது அம்மா அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "அவன் ஏற மாட்டான் மேரி. வேளாங்கண்ணில ராட்டினம் ஏறச் சொன்னதுக்கே சட்டைய கிழிச்சிகினு ஓடினவன். பஸ்லதான் வருவான். காலைல வரைக்கும் வெச்சிரு" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ சும்மா இரும்மா. மதுரையும் மெட்ராசும் ஒரு மணி நேரம். அவனே சொல்லியாச்சு" என்றேன். கணக்கு சரியாக வந்தால் எனக்கு வேறெதுவும் காதில் விழாது.

உன் மாப்பிள்ளை மூன்று மணிக்குத் தனியாக வந்தபோதும் அம்மா அதையே சொன்னாள். இரண்டாவது தடவை.

சாமியார் இருட்டிவிடும் என்று சொன்னதாக எழுதினேனே, அது பொய். அவர் "காலை பூசைக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாமா? மகன் வந்துவிடட்டும்" என்றுதான் கேட்டார். வேண்டாம் என்றது நான். தெரு முழுக்க என் அண்ணன் விமானத்தில் வருகிறான் என்று சொல்லி வைத்திருந்தேன் அண்ணா. நம் தெருவில் விமானத்தில் வந்து இறங்கும் முதல் ஆள் நீ என்று எனக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு பெருமை. நீ வரவில்லை என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தக் கோபத்தில் "மூடுங்கள்" என்றேன். அம்மா என் கையைப் பிடித்தாள். கையை உதறினேன். அது இன்னும் என் கையில் இருக்கிறது.

ஆறு வருஷமாக உன்மேல் பட்ட கோபத்தில் பாதிதான் உன்மேல். மீதியை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதையும் உன் பேரிலேயே போட்டேன்.

அம்மாவிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டவில்லை. ஆனால் "பயந்துட்டேன்னு அவன் உனக்கு எழுதினானா?" என்று அவளே கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. பின்னே எதற்கு விமானத்தில் வரச் சொல்கிறாய், பாவம் என்றேன். "வரட்டும், சொல்றேன்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முடியாவிட்டால் ஏறாதே. நாலாவது படியில் இறங்கினாலும் இறங்கு. ஆனால் இந்தத் தடவை போன் பண்ணு. இப்போது பாய் கடை போன் வேண்டாம், எதிர்வீட்டுச் சாமுண்டீஸ்வரி வீட்டில் போன் வந்திருக்கிறது. நம்பர் பின்னால் எழுதியிருக்கிறேன். நீ எத்தனை மணிக்கு வந்தாலும் சோறு இருக்கும்.

உன் தங்கை
மேரி

*

சேசு மரி சூசை

மதுரை
7-11-91

அன்புத் தங்கச்சிக்கு,

தீபாவளி ஸ்பெஷல் முடிந்து இன்றைக்குத்தான் உட்கார்ந்து எழுத முடிந்தது. லீவு கொடுத்ததற்கு மேனேஜர் நாலு டிரிப் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

வந்தபோது அம்மா எதிரில் எதையும் விலாவாரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இதைக் கேள். மெட்ராஸில் மழை என்று மதுரையிலேயே இரண்டரை மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். பயந்தவனுக்கு அதை விடத் தண்டனை உண்டா? சாமுண்டீஸ்வரி அம்மா வீட்டுக்கு மூன்று தடவை போன் பண்ணினேனே, ஒரு தடவையாவது "வர முடியலைன்னா விடு" என்று நீ சொல்வாய் என்றுதான் பண்ணினேன். நீ சொன்னாய், மூன்று தடவையும். அப்படிச் சொன்னதால்தான் ஏறினேன் என்று நினைக்கிறேன். நாலாவது படியில் கண்ணை மூடிக்கொண்டேன்.

கிளம்பினபோது சீட்டுக் கைப்பிடியைப் பிடித்த பிடியில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். பிரேக் எங்கே என்று கால் தேடிக்கொண்டே இருந்தது. அப்புறம் மேகம் விலகியது. கீழே மதுராந்தகம் ஏரி. அதன் கரையை ஒட்டி என் ரோடு. நீ படத்தில் பிடித்தாயே நூல், அந்த மாதிரி. அதில் புள்ளி புள்ளியாக வண்டிகள். ஒருத்தன் லாரியை ஓவர்டேக் பண்ண முடியாமல் பின்னாலேயே போகிறான். நான் இங்கேயிருந்து "இருடா, வளைவு வருது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு பயம் அவ்வளவாக இல்லை. தரை இறங்கினதும் கடிகாரத்தைப் பார்த்தேன். நீ சொன்ன ஐம்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

அப்பா கல்லறையில் நீயும் நானும் சேர்ந்து மெழுகுவர்த்தி ஏற்றியதைப் பற்றி எழுதத் தெரியவில்லை. மழையில் அணைய அணைய நீ உன் குடையை அப்பாவுக்குப் பிடித்துக்கொண்டு நனைந்தாய்.

இதை எழுதுவதற்குக் காரணம் வேறு. நீ ஆட்டோவை அனுப்பிவிட்டு வர வாசலுக்குப் போயிருந்தாய். அம்மா என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "பிளேனு நல்லா கீதா?" என்றாள். பரவாயில்லை என்றேன். "இனிமே அதுல ஏறாத. எனக்கு ஒண்ணு ஆச்சின்னா பஸ்லயே வா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்ப எதுக்கும்மா என்னை இந்தப் பாடு படுத்தினே என்றேன்.

அதற்கு அவள் சொன்னது இதுதான், ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன். "உன்ன எனக்குத் தெரியும். நான் பார்க்க நெனச்சது அவள. காலைலேர்ந்து நீ வரல. முன்ன மாதிரி இருந்தா இவ கடியாரத்தையும் வாசலையும் பார்த்து ஊரைக் கூட்டியிருப்பா. இன்னிக்கு மூணு தபா சோத்த சூடு பண்ணா. ஒரு தபா கூட கடியாரத்த பார்க்கல. இவ இனிமே உனக்காகக் காத்துக்கினு இருப்பா. நான் நிம்மதியா போவேன்."

அதற்குள் நீ உள்ளே வந்து மோர் வேண்டுமா என்று கேட்டாய். அவள் பேச்சை மாற்றிவிட்டாள். உன்னிடம் சொல்லச் சொல்லவில்லை, சொல்ல வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

இனிமேல் மெட்ராஸ் டூட்டி அன்றைக்கு வண்டியை விட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வருகிறேன். இட்லி இருந்தால் போதும். ஆனாலும் தெருமுனையில் ஹாரன் அடிப்பேன். அம்மா கேட்டுக்கொண்டிருப்பாள்.

அண்ணன்
சவுரிமுத்து

*

தந்தி
குரோம்பேட்டை, 17-2-1994
பெறுபவர்: சவுரிமுத்து, டிரைவர், மதுரை

அம்மா இன்று காலை. நீ வந்த பிறகுதான் மூடுவோம். பஸ்ஸிலேயே வா. அவசரமில்லை. மேரி.